மெத்தடோன் பராமரிப்புச் சிகிச்சை: அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பும் அதன் ஒழுங்குமுறை வரலாறும் (1914–2024)

ஆய்வுச் சுருக்கம்

ஹெராயின் முதலிய அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையானோரைக் குணப்படுத்த 1964-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தொடங்கப்பட்ட மெத்தடோன் பராமரிப்புச் சிகிச்சை, போதைச் சார்பு குறித்த மருத்துவச் சிந்தனையில் ஒரு திருப்புமுனையாகும். போதிய மருந்தளவு, காலவரம்பற்ற தொடர்ச்சி என்னும் இரண்டு கொள்கைகள் அதன் அடிப்படையாக அமைந்தன. 1972-இல் வகுக்கப்பட்ட கூட்டரசு விதிகள் இச்சிகிச்சைக்குச் சட்ட ஏற்பு வழங்கின; ஆனால் அவற்றின் நிழலில் வளர்ந்த நடைமுறை அவ்விரு கொள்கைகளையும் நலிவுறச் செய்தது. இந்த முரண்பாடு உருவான சூழலையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெத்தடோன், ஹெராயின், போதைச் சார்பு, பராமரிப்புச் சிகிச்சை, ஹாரிசன் சட்டம், வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர், மருத்துவ ஒழுங்குமுறை

முன்னுரை

நீரிழிவு நோயாளி இன்சுலினை எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. குருதி அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்து செவிலியர் முன்னிலையில் அதை விழுங்க வேண்டும் என்று எந்த அரசும் விதிப்பதில்லை. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் உண்பவரிடம் மட்டும் இவ்விரண்டும் கேட்கப்பட்டன. இந்த வேறுபாட்டிற்கு மருந்தின் வேதியியல் ஒரு பகுதிக் காரணமே. எஞ்சிய காரணத்தை வரலாற்றில் தேட வேண்டும்.

மெத்தடோனின் வரலாறு பெரும்பாலும் ஒரு மருந்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை ஒரு கேள்வியின் வரலாறாக அணுகுகிறது. ஒரு சிகிச்சை எவ்வளவு கொடுக்கப்பட வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அக்கேள்வி.

1. மருத்துவரின் உரிமையும் ஹாரிசன் சட்டமும்

1914 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஹாரிசன் சட்டம், அபினி, கோகா இலை ஆகியவற்றிலிருந்து பெறப்படும் பொருள்களின் வணிகத்தைப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. மருத்துவர் தம் தொழில்முறைப் பணியின் வழியில் இம்மருந்துகளை வழங்கலாம் என்று அச்சட்டம் இசைவளித்திருந்தது. அடிமைப்பட்ட ஒருவருக்குத் துன்பமின்றி வாழ்வதற்காகவே தொடர்ந்து மருந்து எழுதித் தருவது தொழில்முறைப் பணியாகுமா என்பதே பின்னர் எழுந்த வழக்கு. 1919-இல் வெப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை அடுத்துப் பல நகரங்களில் அடிமைப்பட்டோருக்கு மருந்து வழங்கிய பொதுச் சிகிச்சையகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் மருத்துவர் வில்லிஸ் பட்லர் நடத்திவந்த சிகிச்சையகமும் 1923-இல் மூடப்பட்டது. 1925-இல் லிண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் நிலைப்பாட்டைத் தளர்த்தி, போதைச் சார்பு மருத்துவத்திற்குரிய நோய் என்று குறிப்பிட்டது. ஆயினும் நடைமுறை மாறவில்லை. 1930 முதல் 1962 வரை கூட்டரசுப் போதைப்பொருள் பணியகத்தின் தலைவராக இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர் காலத்தில், வழக்கிற்கு அஞ்சிய மருத்துவர்கள் இந்நோயாளிகளைக் கைவிட்டனர்.

அவர்களுக்கென எஞ்சியிருந்த பெரிய நிறுவனம், 1935-இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் திறக்கப்பட்ட கூட்டரசு மருத்துவமனை ஆகும். கைதிகளும் தாமாக வந்த நோயாளிகளும் ஒரே வளாகத்தில் தங்கினர். அவர்களின் உடலிலிருந்து போதைப்பொருளை முற்றிலும் விலக்கி ஊருக்கு அனுப்புவதே அங்குச் சிகிச்சையாக இருந்தது. லெக்சிங்டனிலிருந்து நியூயார்க் திரும்பிய 1,900-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 1962-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பியதைக் காட்டியது. பெரும்பாலோர் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பியிருந்தனர். விலக்குவது எளிது, விலகி இருப்பதே அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

2. மருந்தின் தோற்றம்

மெத்தடோன் 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. ஐ.ஜி. ஃபார்பன் கூட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஹோக்ஸ்ட் ஆய்வகத்தில் மாக்ஸ் பாக்மூல், குஸ்டாவ் எர்ஹார்ட் ஆகிய வேதியியலாளர்கள் இதனைத் தொகுத்தனர். 1941-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். போர் முடிந்தபின் அமெரிக்க ஆய்வுக் குழுவினர் அந்நிறுவனத்தின் ஆவணங்களைக் கைப்பற்றினர். 1947-இல் எலி லில்லி நிறுவனம் இம்மருந்தை டோலோஃபைன் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடால்ஃப் ஹிட்லரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது என்னும் செய்தி இன்றளவும் வழங்கிவருகிறது. அமெரிக்க நிறுவனம் போருக்குப் பின் சூட்டிய பெயருக்கு இக்கதை பொருந்தாது. ஆனால் அக்கதை நிலைத்து நின்றதே இம்மருந்தின்மீது மக்கள் கொண்ட ஐயத்திற்கு ஓர் அடையாளமாகும்.

லெக்சிங்டன் மருத்துவர்கள் 1940-களின் இறுதியிலேயே மெத்தடோனைப் பயன்படுத்தினர் என்பது இங்கு முக்கியமானது. ஹெராயின் அல்லது மார்ஃபினுக்கு ஈடாக மெத்தடோனைக் கொடுத்து, ஒரு சில நாள்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது அவர்கள் முறை. விலகலின்போது தோன்றும் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவற்றை அது தணித்தது. ஆகவே 1964-இல் நியூயார்க்கில் புதிதாக நிகழ்ந்தது மருந்தின் அறிமுகமன்று. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சில நாள்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டுவந்த ஒரு மருந்தை, நிறுத்தாமல் கொடுத்துப் பார்த்ததே அங்கு நிகழ்ந்த புதுமை.

3. ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் நிகழ்ந்த ஆய்வு

வின்சென்ட் டோல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வளர்சிதை மாற்ற நோய்களை ஆராய்ந்தவர். உடற்பருமன் குறித்த ஆய்வின்போது, எடை குறைந்தவர்கள் மீண்டும் பழைய உணவு வேட்கைக்குத் திரும்புவதைக் கண்டிருந்தார். ஹெராயினால் நியூயார்க் நகரம் சீரழிந்துவந்த காலத்தில் இச்சிக்கல்மீது அவர் கவனம் திரும்பியது. மனநல மருத்துவர் மேரி நிஸ்வாண்டர் 1956-இல் வெளியிட்ட நூலை அவர் படித்தார். போதை அடிமைகளை நோயாளிகளாகக் காண வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்தியது. லெக்சிங்டனில் பணியாற்றி, அங்குக் கண்ட கடுமையினால் மனம் வருந்தியவர் நிஸ்வாண்டர். இவ்விருவருடன் இளம் மருத்துவர் மேரி ஜீன் க்ரீக் 1964-இன் தொடக்கத்தில் இணைந்தார்.

முதலில் இரு நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது. அது நாளுக்குப் பல முறை ஊசியாகச் செலுத்தப்பட வேண்டியிருந்தது. அளவும் கூடிக்கொண்டே சென்றது. ஊசி போட்டபின் மயங்கியும், அதன் விளைவு குறைந்ததும் அடுத்த ஊசிக்காக ஏங்கியும் அவர்கள் பொழுதைக் கழித்தனர். பின்னர் அவர்கள் மெத்தடோனுக்கு மாற்றப்பட்டு, போதிய அளவில் நிலைநிறுத்தப்பட்டனர். அதன்பின் ஏற்பட்ட மாற்றம் ஆய்வாளர்களையே வியப்பில் ஆழ்த்தியது. ஒருவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். மற்றவர் விட்ட படிப்பைத் தொடர விரும்பினார். ஹெராயினைப் பற்றியே பேசிவந்தவர்கள் பிற பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

இம்மாற்றத்திற்கான காரணம் மருந்தியலில் உள்ளது. ஹெராயினின் விளைவு சில மணி நேரமே நீடிக்கும். எனவே அதற்கு அடிமையானவர் ஒரே நாளில் பல முறை மயக்கத்திற்கும் விலகல் துன்பத்திற்கும் இடையே அலைக்கழிக்கப்படுகிறார். வாய்வழி உட்கொள்ளப்படும் மெத்தடோன் மெல்லச் செயற்பட்டு, 24 மணி நேரமும் அதற்கு மேலும் நிலைத்திருக்கும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு முறை போதுமானது. பழகிய உடலில் அது மயக்கத்தையும் தருவதில்லை. மேலும், நாளுக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை பெற்றவர்களின் உடல், அபினி வகைப் பொருள்களுக்கு உயர்ந்த தாங்குதிறனை அடைந்தது. அந்நிலையில் ஹெராயினை ஊசியாகச் செலுத்தினாலும் எதிர்பார்த்த இன்பம் கிட்டவில்லை. இதனை ஆய்வாளர்கள் போதைத் தடுப்பு விளைவு என்று அழைத்தனர். வேட்கையைத் தணிக்கக் குறைந்த அளவு போதலாம். தடுப்பு விளைவிற்கு உயர்ந்த அளவு வேண்டும். இந்த நுட்பமே பின்னாளில் புறக்கணிக்கப்பட்டது.

22 நோயாளிகளைக் குறித்த முதல் அறிக்கையை டோலும் நிஸ்வாண்டரும் 1965 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். 1967-இல் ஹெராயின் அடிமைத்தனம் ஒரு வளர்சிதை மாற்ற நோய் என்னும் கருத்தை அவர்கள் முன்வைத்தனர். நீண்ட காலப் பயன்பாட்டினால் உடலில் நிலையான மாற்றம் ஏற்படுகிறது. அதனை ஈடுசெய்யும் மருந்தும் நீண்ட காலம் தேவைப்படலாம் என்பது அதன் சாரம். மூளையில் அபினி ஏற்பிகள் உள்ளன என்பது 1973-இல் ஆய்வகச் சான்றுடன் நிறுவப்பட்டபோது இக்கருத்துக்கு வலுச் சேர்ந்தது.

சிறையிலிருந்து விடுதலையாகவிருந்த கைதிகளைத் தற்போக்கு முறையில் தெரிவுசெய்து நடத்திய சிறிய ஆய்வு 1969-இல் வெளியானது. மெத்தடோன் பெறாத கைதிகள் அனைவரும் ஹெராயினுக்குத் திரும்பினர். பெற்றவர்களில் பெரும்பான்மையோர் சிறைக்குத் திரும்பவில்லை.

4. விரிவாக்கமும் எதிர்ப்பும்

போதைப்பொருள் பணியகம் தொடக்கத்திலேயே இம்முயற்சியை எதிர்த்தது. அதிகாரி ஒருவர் தம்மைச் சந்தித்து, இது சட்டமீறல் என எச்சரித்ததாகவும், வழக்குத் தொடர்ந்தால் நீதிமன்றத்திலேயே தீர்வு கிடைக்கும் என்று தாம் விடையளித்ததாகவும் டோல் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். வழக்குத் தொடரப்படவில்லை. நகர மருத்துவமனைத் துறையின் ஆணையர் ரே டிரஸ்ஸல் ஆதரவுடன் பெத் இஸ்ரேல் மருத்துவ மையத்தில் சிகிச்சை விரிவடைந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரான்சஸ் கியரிங் தலைமையிலான குழு அதனைத் தனியாக மதிப்பிட்டது.

1970-இல் வாஷிங்டன் நகரில் ராபர்ட் டூபான்ட் பெரிய அளவில் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியுள்ளதாக வந்த செய்தி நாட்டை உலுக்கியது. 1971 ஜூன் 17 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் போதைத் தடுப்புக்கென வெள்ளை மாளிகையில் சிறப்பு அலுவலகம் ஒன்றை நிறுவி, இல்லினாய்ஸ் மாநிலத் திட்டத்தை நடத்திய ஜெரோம் ஜாஃபியை அதன் தலைவராக்கினார். சில ஆண்டுகளுக்குள் மெத்தடோன் பெறுவோர் எண்ணிக்கை சில நூறுகளிலிருந்து பல பத்தாயிரங்களாக உயர்ந்தது.

இவ்வளர்ச்சியில் நோக்கமும் மாறியது. டோலும் நிஸ்வாண்டரும் நோயாளி வேலைக்குச் செல்கிறாரா, படிக்கிறாரா, குடும்பத்துடன் வாழ்கிறாரா என்று பார்த்தனர். அரசின் முதன்மைக் கவலை குற்றங்களின் எண்ணிக்கை. இந்த வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர்கள் சிகிச்சையகங்கள் நிறைந்த பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் ஆவர். வேலையும் வீடும் தராத அரசு, தெருவை அமைதிப்படுத்த மட்டும் மருந்து தருகிறது என்று அவர்களில் பலர் குற்றஞ்சாட்டினர். 1970-இல் தெற்கு பிராங்க்ஸில் உள்ள லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ் முதலிய இயக்கத்தினர் தொடங்கிய விலகல் சிகிச்சைத் திட்டம், காலப்போக்கில் மெத்தடோனை விடுத்து அக்குபங்சர் முறையைக் கைக்கொண்டது. மறுபுறம், கறுப்பின மருத்துவரான பெனி பிரிம் 1969 முதல் புரூக்ளினில் மெத்தடோன் சிகிச்சையகங்களை நடத்தினார். எனவே எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்த எதிர்ப்பு, மருந்தைக் காட்டிலும் அது வழங்கப்பட்ட முறையைக் குறிவைத்தது.

5. 1972-ஆம் ஆண்டு விதிகள்

விரைந்த வளர்ச்சி தீங்குகளையும் கொண்டுவந்தது. மெத்தடோன் வலிமைமிக்க அபினி வகை மருந்து. பழகாத உடலில் சிறிதளவே மூச்சை நிறுத்திவிடும். உடலில் மெல்லச் சேர்வதால், சிகிச்சையின் முதல் வாரங்களில் அளவை விரைந்து உயர்த்துவது ஆபத்தானது. வீட்டுக்கு எடுத்துச் சென்ற மருந்தைக் குழந்தைகள் குடித்து இறந்த நிகழ்வுகள் உண்டு. தெருவில் விற்கப்பட்ட மெத்தடோனால் இறந்தோரும் உண்டு. வருவாயையே நோக்கமாகக் கொண்ட தனியார் சிகிச்சையகங்களும் முளைத்தன. ஆதலால் ஒழுங்குமுறை தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

1972 டிசம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதிகளை வெளியிட்டது; 1974-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. ஹாரிசன் சட்டத்திற்குப் பிறகு முதன்முறையாகப் பராமரிப்புச் சிகிச்சை நாடு முழுவதும் தெளிவான சட்ட ஏற்பைப் பெற்றது. ஆனால் அதற்கான விலை பெரிது. உரிமம் பெற்ற சிகிச்சையகத்தில் மட்டுமே மருந்து வழங்கப்படலாம். பொது மருத்துவரோ ஊர் மருந்துக் கடையோ இதில் பங்கேற்க இயலாது. நோயாளி தொடக்கத்தில் நாள்தோறும் நேரில் வர வேண்டும். சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும். நெடுங்காலம் ஒழுங்காக வந்தபின்னரே சில நாள்களுக்கான மருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஈராண்டுகளுக்கு மேல் சிகிச்சை நீடித்தால் அதற்கான காரணத்தை மருத்துவர் பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

இக்கடைசி விதி தனிக் கவனத்திற்குரியது. தொடர்ச்சியே சிகிச்சை என்று 1965-ஆம் ஆண்டு அறிக்கை கருதியது; தொடர்ச்சிக்குக் காரணம் கேட்டது 1972-ஆம் ஆண்டு விதி. லெக்சிங்டனின் பழைய நம்பிக்கை புதிய படிவத்தில் மீண்டும் நுழைந்தது எனலாம். 1976-இல் தம் பத்தாண்டுப் பட்டறிவை மதிப்பிட்டு எழுதிய கட்டுரையில் டோலும் நிஸ்வாண்டரும், மருத்துவத்தின் இடத்தை நிர்வாகம் பிடித்துக்கொண்டதைக் கடுமையாகச் சாடினர்.

6. குறைந்த அளவும் அதன் விளைவும்

விதிகளைக் காட்டிலும் அவை தோற்றுவித்த மனப்பாங்கு நெடுங்காலம் நீடித்தது. 1980-களில் பல சிகிச்சையகங்கள் மிகக் குறைந்த அளவே வழங்கின. 1988-இல் 172 சிகிச்சையகங்களில் திரட்டப்பட்ட தரவுகளின்படி சராசரி அளவு 45 மில்லிகிராம் மட்டுமே. முதல் ஆய்வில் பயன் தந்த அளவில் இது ஏறத்தாழப் பாதி. அளவு போதாத நோயாளி அடுத்த வேளைக்கு முன்பே விலகல் துன்பத்திற்கு ஆளாகி ஹெராயினை நாடினார். அவரது சிறுநீரில் ஹெராயின் தென்பட்டபோது, பல இடங்களில் அளவைக் கூட்டுவதற்கு மாறாக, ஒழுங்கு நடவடிக்கையாக அளவைக் குறைத்தனர். அல்லது அவரை வெளியேற்றினர். இன்சுலின் போதாமல் சர்க்கரை உயர்ந்த நோயாளிக்கு இன்சுலினை நிறுத்துவதை ஒத்த செயல் இது.

நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் நகரங்களில் ஆறு திட்டங்களை ஆராய்ந்த ஜான் பால், ஆலன் ராஸ் ஆகியோரின் நூல் 1991-இல் வெளியானது. போதிய அளவு பெற்றோரிடையே ஹெராயின் பயன்பாடு குறைவு என்பதையும், சிகிச்சையை விட்டு விலகியோரில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டிற்குள் ஊசிப் பழக்கத்திற்குத் திரும்பினர் என்பதையும் அவர்கள் காட்டினர்.

இதற்கிடையே எய்ட்ஸ் நோய் பரவியது. பகிர்ந்துகொள்ளப்பட்ட ஊசிகள் வழியே எச்.ஐ.வி. கிருமி பரவிய காலத்தில், வாய்வழி மருந்து உயிர்காக்கும் தன்மை பெற்றது. 1993-இல் வெளியான பிலடெல்பியா ஆய்வு 18 மாதங்கள் தொடர்ந்தது. மெத்தடோன் சிகிச்சையில் நிலைத்திருந்தோரில் 3.5 விழுக்காட்டினர் புதிதாகத் தொற்றுக்கு ஆளாயினர். சிகிச்சைக்கு வெளியே இருந்தோரில் அது 22 விழுக்காடு. ஒரு சிகிச்சையகத்தின் கதவு திறந்திருப்பதற்கும் மூடியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு எண்கள் உணர்த்துகின்றன. 2005-இல் உலக நலவாழ்வு அமைப்பு மெத்தடோனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

வேறு வழி இயலாததன்று என்பதற்கு ஹாங்காங் சான்றாகிறது. அங்கு 1970-களில் தொடங்கிய திட்டத்தில் நோயாளி ஒரு ஹாங்காங் டாலர் கட்டணத்தில் மருந்து பெற்றார். நுழைவுத் தடைகள் குறைவு. ஊசிவழிப் போதைப் பயன்பாட்டாளரிடையே எச்.ஐ.வி. தொற்று அங்குத் தாழ்ந்த நிலையிலேயே இருந்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மருந்துக் கடைகளிலேயே மெத்தடோன் வழங்கப்படுகிறது. இதற்கு எதிர்முனையில் ரஷ்யா இம்மருந்தை முற்றிலும் தடைசெய்துள்ளது. 2014-இல் கிரிமியா ரஷ்யாவின் கட்டுப்பாட்டிற்குள் சென்றபோது, அங்குச் சிகிச்சை பெற்றுவந்த ஏறத்தாழ 800 பேர் அதனை இழந்தனர். இந்தியாவில் 2012 முதல் மெத்தடோன் வழங்கும் முயற்சி நடைபெறுகிறது. 2014-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் வழி மெத்தடோன் இன்றியமையாப் போதை மருந்துகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

7. வரிசை தளர்ந்த காலம்

1990-களில் அமெரிக்காவின் கருத்துச் சூழல் மாறியது. மருத்துவக் கழகத்தின் 1995-ஆம் ஆண்டு அறிக்கையும், தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1997-இல் கூட்டிய வல்லுநர் குழுவும் விதிகளைத் தளர்த்தப் பரிந்துரைத்தன. 2001-இல் கண்காணிப்புப் பொறுப்பு வேறு துறைக்கு மாற்றப்பட்டது. 2002-இல் புப்ரெனார்ஃபின் என்னும் மற்றொரு மருந்து பொது மருத்துவர் வழி கிடைக்கத் தொடங்கியது. ஆயினும் மெத்தடோன் பெறுவோரின் காலை வரிசை அவ்வாறே நீடித்தது.

அவ்வரிசையைக் கலைத்தது மருத்துவ வாதமன்று, பெருந்தொற்று. 2020 மார்ச்சில் கூட்டத்தைத் தவிர்க்க, நிலையான நோயாளிகளுக்கு 28 நாள்களுக்கான மருந்தை வீட்டுக்குத் தரலாம் என்று அரசு அறிவித்தது. நெடுங்காலம் அஞ்சப்பட்ட பேரழிவு நிகழவில்லை. மிகை அளவு மரணங்களில் மெத்தடோன் தொடர்புடையவற்றின் பங்கு 2019-இல் 4.5 விழுக்காடாக இருந்தது, 2021-இல் 3.2 விழுக்காடாகக் குறைந்தது. சட்டவிரோத ஃபென்டானில் மரணங்கள் பெருகியதும் இப்பங்கு குறைந்ததற்கு ஒரு காரணம் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். எனினும் தளர்வு பெருந்தீங்கு விளைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. 2024-இல் இத்தளர்வு நிரந்தர விதியானது. ஆனால் மருந்துக் கடைவழி வழங்கலுக்கு இன்னும் இசைவு கிட்டவில்லை.

முடிவுரை

1964-இல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் கண்டறியப்பட்டவை இரண்டு: போதிய அளவு கொடுத்தால் நோயாளி நிலைபெறுகிறார், நிறுத்தாதவரை நிலைத்திருக்கிறார். அடுத்த அறுபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இவ்விரண்டையும் திரும்பத் திரும்ப உறுதிசெய்தன. அவ்வாறிருந்தும் நடைமுறையில் நோயாளிக்கு அளவு குறைக்கப்பட்டது. சிகிச்சைக்கு முடிவு தேடப்பட்டது. மருந்தின் உண்மையான ஆபத்துகள் கட்டுப்பாட்டிற்குக் காரணம் தந்தன. ஆனால் அக்கட்டுப்பாட்டின் வடிவத்தை, விலகியிருப்பதே குணம் என்னும் 1919-ஆம் ஆண்டின் நம்பிக்கையே பெரிதும் தீர்மானித்தது.

நிஸ்வாண்டர் 1986-இல் காலமானார். டோல் 1988-இல் லாஸ்கர் விருது பெற்று, 2006-இல் மறைந்தார். வீட்டுக்கு மருந்து தரும் உரிமை விரிவடைந்ததை இருவரும் காணவில்லை. அவ்வுரிமை அறிவியல் சான்று குவிந்த காலத்தில் கிட்டாமல், நெருக்கடியின் கட்டாயத்தால் கிட்டியது என்பது மருத்துவ வரலாற்றாளர் கருதத்தக்கது. போதைச் சார்புக்கான கொள்கையை வகுக்கும் எந்நாடும், தன் விதிகளில் எவை மருந்தின் இயல்பிலிருந்து பிறந்தவை, எவை நோயாளியைக் குறித்த பழைய ஐயத்திலிருந்து பிறந்தவை என்று பிரித்தறிவது இன்றியமையாதது. அப்பிரிவினையில் நேரும் பிழைக்கு உயிரால் விலை கொடுப்பவர் நோயாளியே என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது.